தாழ்ந்தோர் அல்லர், தாழ்த்தப்பட்டோர்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்கு வரலாறு பற்றிய கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்கப் பொறுப்பாளர்கள் பணித்தபோது, எதை எழுதுவது என்று நான் நெடுநாள் எண்ண வேண்டியிருக்கவில்லை. பொருளை என் பள்ளி மாணவி ஒருத்தியே முன்னதாகத் தந்திருந்தாள்.

பத்தாம் வகுப்பில் நன்கு பயின்ற பெண் அவள். கல்வி உதவித்தொகைக்கான படிவத்தை வகுப்பாசிரியர் கொடுத்தும், நிரப்பாமலே நாள்களைக் கடத்திவந்தாள். அழைத்துக் காரணம் கேட்டேன். "அந்த இடத்தில் அந்தச் சொல்லை எழுத வெட்கமாக இருக்கிறது சார். பணம் வேண்டாம். அப்பாவிடம் கேட்டுக்கொள்கிறேன்" என்றாள். அவள் தந்தை அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாக வேலை பார்ப்பவர். அப்பாவிடம் பணம் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று ஏதோ ஆறுதல் கூறிப் படிவத்தை நிரப்பச் செய்துவிட்டேன். ஆயினும் நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அவள் வெட்கப்பட்ட அச் சொல் எங்கிருந்து வந்தது? அதை நம்மீது இட்டவர் யார்? இடப்பட்ட பெயரை நம் முன்னோர் எவ்வாறு கையாண்டனர்? இவற்றிற்கு ஒழுங்கான விடையை அவளுக்கும், அவளையொத்த நம் இளைஞர்களுக்கும் கூறுவதே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கணம் கூறும் உண்மை

தாழ்தல் என்பது தன்வினை. மழை நின்றால் ஏரி நீர் தானே தாழும். காய்த்த கிளை தானே தாழும். தாழ்த்துதல் என்பது பிறவினை. ஒருவர் மற்றொருவரைத் தாழ்த்துவார். தாழ்த்தப்படுதல் என்பதோ செயப்பாட்டு வினை. அதில் எழுவாயாக நிற்பவர் செயலைச் செய்தவர் அல்லர், செயலுக்கு ஆளானவர். செய்தவர் 'ஆல்' உருபு ஏற்று வாக்கியத்தில் நிற்க வேண்டும். ஆனால் அவரை மறைத்தும் எழுதலாம். 'தாழ்த்தப்பட்டோர்' என்னும் சொல்லில் செய்தவர் பெயர் மறைந்து நிற்கிறது. எனினும், செய்தவர் ஒருவர் உண்டு என்பதை அச் சொல்லின் அமைப்பே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

எனவே 'தாழ்ந்தோர்' என்பதும் 'தாழ்த்தப்பட்டோர்' என்பதும் ஒரு பொருட் சொற்கள் அல்ல. முன்னது இயல்பைக் கூறுவது. பின்னது நிகழ்ந்த அநீதியைக் கூறுவது. முன்னது பழி, பின்னது வழக்கு. இவ் வேறுபாட்டை உணர்ந்தவர் அச் சொல்லை எழுதும்போது தலை குனியார்.

தொழிற்பெயர் இழிபெயரான கதை

பறை என்பதற்குத் தோற்கருவி என்று ஒரு பொருள். சொல் என்று மற்றொரு பொருள். பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அது வழக்கில் உள்ளது. அரசனின் ஆணையை ஊருக்கு அறிவித்தவர் எவரோ, அவரே பறை அறைந்தவர். புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியன், பாணன், கடம்பன் ஆகியோருடன் பறையனையும் ஒரு குடியாக வைத்து எண்ணுகிறது. அங்கே இழிவின் சாயல் சிறிதும் இல்லை.

சோழர் காலத்துக்கு வரும்போது நிலை மாறியிருப்பதைக் காண்கிறோம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் ஊர்களின் நில விவரங்களைக் கூறுமிடத்தில் 'பறைச்சேரி' என்பதோடு 'தீண்டாச்சேரி' என்ற சொல்லையும் குறிக்கின்றன. சேரி என்பது முன்பு மக்கள் சேர்ந்து வாழும் எந்த இடத்துக்கும் உரிய பொதுப்பெயர். அதே கல்வெட்டுகளில் கம்மாளர்க்கும் சேரி உண்டு. அப் பொதுப்பெயரே பிற்காலத்தில் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் குடியிருப்புக்கு மட்டும் உரியதாகச் சுருங்கிற்று. ஐரோப்பியர் வந்தபின் நம் குலப்பெயர் 'பரையா' எனத் திரிந்து அவர்தம் மொழிகளில் புகுந்து, உலகெங்கும் 'ஒதுக்கப்பட்டவன்' என்னும் பொருளைப் பெற்றது. மக்கள் தாழ்த்தப்பட்டபோது அவர்கள் பெயரும் உடன் தாழ்த்தப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பஞ்சமரும் பஞ்சமியும்

வருணம் நான்கு என்று கூறிய சாத்திரத்தில் நம்மவர்க்கு இடமில்லை. எனவே ஐந்தாமவர் என்னும் பொருள்பட 'பஞ்சமர்' என்றனர். நான்குக்கு அடுத்தது ஐந்து என்று கணக்கு கூறும். ஆனால் இந்த ஐந்து வரிசையில் அடுத்து நிற்கும் எண் அன்று. வரிசைக்கு வெளியே நிறுத்தப்பட்ட எண். கர்னல் ஆல்காட் 1894ஆம் ஆண்டு முதல் சென்னையில் நம் பிள்ளைகளுக்கென நிறுவிய இலவசப் பள்ளிகளும் பஞ்சமர் பள்ளிகள் என்றே பெயர் பெற்றன. நல்ல நோக்கத்தோடு வந்தவரும் அன்றிருந்த பெயரையே பயன்படுத்த வேண்டியிருந்தது.

இங்கே நம் பகுதியின் வரலாறு ஒன்றை நினைவுகூர்தல் வேண்டும். இன்று திருவள்ளூர் மாவட்டத்தோடும் சென்னையோடும் இணைந்துள்ள பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் ஊர்கள் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம் மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர், நம் மக்களின் நிலைபற்றி 1891ஆம் ஆண்டு அரசுக்கு விரிவான அறிக்கை அளித்தார். சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இன்றி, குடியிருக்கும் மனையும் மிராசுதாரரின் தயவில் இருப்பதே இவர்தம் அடிமைத்தனத்துக்கு வேர் என்று அவர் கண்டார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை பிறந்தது. தரிசு நிலங்கள் நம் மக்களுக்கு ஒப்படை செய்யப்பட்டன. பத்து ஆண்டுகளுக்கு எவர்க்கும் விற்றல் கூடாது, அதன்பின்னும் தாழ்த்தப்பட்ட வகுப்பார்க்கே விற்றல் வேண்டும் என்பன நிபந்தனைகள். இவையே பஞ்சமி நிலங்கள் எனப்பட்டன. வருவாய்த்துறை வழக்கில் இவற்றை டி.சி. நிலம் என்பர். டி.சி. என்பது தாழ்த்தப்பட்ட வகுப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

இளைஞர்களே, இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. இழிவாக இடப்பட்ட பெயர் நிலப் பதிவேட்டில் ஏறியபோது அதுவே உரிமைச் சான்றாயிற்று. பதிவேட்டில் அவ்வெழுத்துகள் உள்ளவரை அந்நிலம் பிறர்க்குச் செல்லல் சட்டப்படி ஆகாது. அவ்வுரிமையைக் கேட்டு, மாமல்லபுரத்துக்கு அண்மையிலுள்ள காரணை என்னும் ஊரின் நிலங்களுக்காகப் போராடியபோதுதான் 1994 அக்டோபரில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இரு தோழர்கள் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாயினர். ஆவணத்தில் உள்ள ஒரு சொல்லுக்கு உயிரையே விலையாகக் கொடுத்தவர் நம்மில் உண்டு என்பதை மறத்தல் ஆகாது.

இரு பெரியோர், இரு வழிகள்

அந்த ஆண்டுகளிலேயே நம் மக்களிடையே பெரும் அறிவுப்போர் ஒன்று நிகழ்ந்தது. பண்டிதர் அயோத்திதாசர் ஒருபுறம், இரட்டைமலை சீனிவாசன் மறுபுறம். இருவரும் உறவினர். சீனிவாசனின் சகோதரியை மணந்தவர் பண்டிதர்.

பண்டிதர் இழிபெயரை அறவே மறுத்தார். நாம் சாதிபேதமற்ற திராவிடர், இம் மண்ணின் பூர்வ பௌத்தர், பகைவர் இட்ட பெயரை நாம் சுமத்தல் ஆகாது என்பது அவர் கொள்கை. 1891 டிசம்பரில் நீலகிரியில் அவர் கூட்டிய திராவிட மகாஜன சபை மாநாட்டில், குலப்பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்று தீர்மானித்தனர். 1907ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் இதழின் பெயரிலேயே அவர் நோக்கம் விளங்கும். தமிழன் என்பதே நம் பெயர் என்றார்.

சீனிவாசனோ 1893ஆம் ஆண்டு அக்டோபரில் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். ஊரே வசைச்சொல்லாக வழங்கிய பெயரை இதழின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டார்! பெயரை மறைத்துக்கொண்டு வாழ்பவன் தன் பெயரால் உரிமை கேட்க இயலாது, இன்னான் என்று துணிந்து முன்வந்தால்தான் அரசு அவன் குறையைக் கேட்கும் என்பது அவர் கருத்து.

இவ்விருவருள் எவர் சரி? மாணவப் பருவத்தில் எனக்கும் இந்த ஐயம் எழுந்ததுண்டு. இன்று நான் கூறும் விடை இது. இருவரும் சரியே. ஒருவர் நம் மானத்தைக் காத்தார்; மற்றவர் நம் வழக்கை நடத்தினார். மானம் இல்லாதவனின் வழக்கு பிச்சையாகிவிடும். வழக்காடாதவனின் மானம் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடும். நீலகிரித் தீர்மானம் கேட்டது, 98 ஆண்டுகளுக்குப்பின், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நிறைவேறிற்று. சாதியைக் கூறிப் பொதுவிடத்தில் இழிவு செய்தல் இன்று சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஒரே சொல், வசைபாடும் வாயில் குற்றம், சான்றிதழில் உரிமை. சொல்லின் பொருள் சொல்பவனையும் இடத்தையும் நோக்கத்தையும் பொறுத்தது என்பதை இதினும் தெளிவாக எவர் விளக்க இயலும்?

ஆதிதிராவிடர்

பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா அவர்கள் சென்னைச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தபோது, 1922 ஜனவரி 20 அன்று ஒரு தீர்மானம் கொணர்ந்தார். பறையர், பஞ்சமர் என்னும் பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கித் தமிழ் மாவட்டங்களில் ஆதிதிராவிடர் என்றும், தெலுங்கு மாவட்டங்களில் ஆதி ஆந்திரர் என்றும் எழுத வேண்டும் என்பதே அது. தீர்மானம் நிறைவேறி, 1922 மார்ச் 25 அன்று அரசாணையாயிற்று. ஆதி என்றால் முதல். ஐந்தாமவன் என்று பிறர் எண்ணிய கணக்கை, முதல்வன் என்று நாமே திருத்தி எழுதினோம். நம் மக்கள் தாமே தேர்ந்த பெயரை அரசு ஏற்றது அன்றுதான்.

பெயர் மாறியதும் கிணறு திறந்துவிடவில்லை. ஆகவே 1924ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் அதே சட்டசபையில், பொதுச் சாலை, கிணறு, குளம், பொதுக் கட்டடம் அனைத்தையும் நம் மக்கள் பயன்படுத்தத் தடையில்லை என்ற தீர்மானத்தை நிறைவேற்றச் செய்தார். பெயருக்கு ஒரு தீர்மானம், பாதைக்கு ஒரு தீர்மானம் என இரண்டும் தேவைப்பட்டன. பெயரோடு நின்றுவிடுவோர் இதை நினைவிற் கொள்க.

பட்டியல் என்னும் சொல்

வட்டமேசை மாநாட்டுக்கு நம் சார்பில் சென்றவர்கள் பேரறிஞர் அம்பேத்கரும் சீனிவாசனும். 1931 நவம்பரில் இருவரும் கையொப்பமிட்டு அளித்த குறிப்பொன்றில், 'தாழ்த்தப்பட்ட வகுப்பார்' என்னும் ஆங்கிலப் பெயரையும் மாற்ற வேண்டும் என்று கேட்டனர். அப் பெயர் நம்மை இழிந்தோராகவும் நாதியற்றோராகவும் காட்டுகிறது என்பது அவர்தம் முறையீடு. தன் பெயரான இதழ் நடத்திய சீனிவாசனே இதிலும் கையொப்பமிட்டார். பெயரைத் துணிந்து ஏற்பதும், ஏற்றதைக் காலம் வரும்போது மாற்றக் கோருவதும் முரண் அல்ல என்பதற்கு அவரே எடுத்துக்காட்டு.

1932 செப்டம்பர் 24 அன்று பூனா உடன்படிக்கை. 1935இல் இந்திய அரசுச் சட்டம். 1936இல் அச் சட்டத்தின்கீழ் சாதிகளின் பட்டியல். அப் பட்டியலில் இடம்பெற்றோர் 'பட்டியல் சாதியினர்' எனப்பட்டனர். இச் சொல்லில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. பட்டியலில் உள்ளவர் என்பதே அதன் முழுப்பொருள். மளிகைக் கடையிலும் பட்டியல் உண்டு. தேர்வு முடிவிலும் பட்டியல் உண்டு. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? 1942ஆம் ஆண்டில் நாகபுரியில் அம்பேத்கர் வழிகாட்ட அகில இந்தியப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு தோன்றியபோது, அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நம் சென்னை என். சிவராஜ் அவர்கள். பின்னாளில், 1957இல், செங்கற்பட்டுத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானவரும் அவரே. அரசு கோப்பிலிருந்த சொல்லை அவர்கள் கொடியில் எழுதினர்.

அரிசனர் என்ற பெயரையும் கூற வேண்டும். காந்தியடிகள் அன்பினால் வழங்கிய பெயர் அது. ஆயினும் பாதிக்கப்பட்டோரைக் கேளாது இட்ட பெயர். 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அப் பெயரைச் சட்டத்தில் புகுத்தியபோது அம்பேத்கர் தம் கட்சியினரோடு வெளிநடப்புச் செய்தார். நீதிமன்றங்களும் பிற்காலத்தில் அதனை இழிவுச் சொல்லாகவே கருதின. நொறுக்கப்பட்டோர் என்று பொருள்படும் 'தலித்' என்னும் சொல், 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள் இயக்கத்தால் பரவி, அம்பேத்கர் நூற்றாண்டையொட்டித் தமிழகத்திலும் வேரூன்றியது. இதுவும் செயப்பாட்டு வினையே என்பதைக் கவனிக்க.

பட்டியலுக்குள் பட்டியல்

பட்டியலுக்கும் குறை உண்டு. அதை மறைத்தல் நேர்மையாகாது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கு மட்டுமே இவ்வுரிமையைத் தந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்துவராகிய நம் உடன்பிறப்புகள் இன்னும் வெளியே நிற்கின்றனர். ஒரே தெருவில், ஒரே கூரையின்கீழ், அண்ணன் பட்டியலிலும் தம்பி வெளியிலும் இருக்கும் வீடுகளை நம் பகுதியிலேயே காணலாம். தெருவில் இருவர்க்கும் கிடைக்கும் மரியாதை ஒன்றே. அலுவலகத்தில் மட்டும் அவர்கள் இரு வேறு வகுப்பினர்.

இனி உட்பிரிவு. தமிழகத்தில் பட்டியல் சாதியினர்க்கு உள்ள 18 விழுக்காட்டில் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடாக 2009இல் சட்டமாயிற்று. 2024 ஆகஸ்டு 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, பட்டியலுக்குள் உட்பிரிவு செய்தல் செல்லும் என்று ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. இது குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம்மைப் பிரித்துவிடுமோ என அஞ்சுவோரின் அச்சத்தை நான் எள்ளேன். எனினும் ஒன்று கேட்பேன். உட்பிரிவு இரு வகைப்படும். ஏணிப்படி போல ஒருவர் தலைமேல் ஒருவரை நிறுத்துவது ஒன்று. பந்தியில் கடைசியில் அமர்ந்தவர்க்கும் சோறு எட்டுவதற்காகத் தனி இலை போடுவது மற்றொன்று. முன்னது சாதி. பின்னது பங்கீடு. கழிவு அள்ளும் வேலையில் தலைமுறை தலைமுறையாகத் தள்ளப்பட்ட உடன்பிறப்பு தனி இலை கேட்டால், மூத்தவர் முகம் சுளிக்கலாமா? நம்மைவிடத் தாழ்ந்தவர் ஒருவர் உண்டு என்று நாம் எண்ணத் தொடங்கும் நாளில், நம்மைத் தாழ்த்தியவரின் இலக்கணத்தை நாமே ஏற்றவர்களாவோம்.

பலகைகள் மாறுகின்றன

இன்றும் இப் பெயர்ப்போர் ஓயவில்லை. 2021இல் ஏழு பிரிவினர் தேவேந்திரகுல வேளாளர் என்னும் ஒரே பெயரைச் சட்டத்தால் பெற்றனர். 2025 ஏப்ரல் 29 அன்று, 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். இச் சொல்லின் இரு பொருள்களையும் நம் புறநகர் நன்கு அறியும். தொழிற்சாலை அலுவலர் வாழும் இடமும் காலனி. நாம் வாழும் இடமும் காலனி. முன்னதைக் கேட்டவர் மதிப்பர். பின்னதைக் கேட்டவர் வாடகைக்கு வீடில்லை என்பர். எழுத்தில் வேறுபாடு இல்லை; கேட்பவர் நெஞ்சில்தான் உள்ளது. அதே ஆண்டு ஜூலையில் ஆதிதிராவிடர் நல விடுதிகள் உள்ளிட்ட அரசு விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் எனப் பெயர் சூட்டப்பட்டது. வரவேற்கிறோம். பலகை மாறியது போல் விடுதியின் கூரையும் கழிப்பறையும் நூலகமும் மாறுகின்றனவா எனக் கண்காணிப்பது இளைஞர் கடமை.

என் விடை

நான் சிறுவனாகப் படித்த பள்ளியில் ஆண்டுதோறும் ஒரு நாள் வரும். பதிவேட்டோடு ஒருவர் வகுப்பறைக்குள் வந்து, "எஸ்.சி. பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்கள்" என்பார். நாங்கள் எழுவோம். அமர்ந்திருப்போர் திரும்பிப் பார்ப்பர். எண்ணி முடிக்கும்வரை நிற்போம். அந்தச் சில நிமிடங்களின் சூடு ஐம்பது வயது கடந்தும் என் செவிகளில் உள்ளது. தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றதும் நான் இட்ட முதல் உத்தரவு, இவ் விவரங்களைப் பெற்றோரிடம் தனியே பெற வேண்டும், வகுப்பறையில் ஒரு பிள்ளையையும் எழுப்பக் கூடாது என்பதே.

ஆயினும் அன்று நின்றதனால்தான் எனக்கு உதவித்தொகை வந்தது. செங்கற்சூளையில் மண் மிதித்த என் தந்தையின் மகன் பி.ஏ., பி.எட். என்று எழுதிக்கொள்ள அப் பட்டியலே வழிசெய்தது. நிற்க வைத்த முறை தவறு. நின்று பெற்ற உரிமை தவறன்று.

மகளே, இப்போது உனக்கு என் முழு விடையைக் கூறுகிறேன். அந்தப் படிவத்தில் நீ எழுதும் சொல் உன் மதிப்பெண் அன்று. அது ஒரு கடன் பத்திரம். இந் நாடு உன் முன்னோரிடம் வாங்கிய உழைப்புக்கும், மறுத்த கல்விக்கும் இன்னும் தீர்க்காத கடன் அதில் எழுதப்பட்டுள்ளது. கடன்பட்டவன் வெட்கப்படட்டும், கடன் கொடுத்தவள் ஏன் வெட்கப்பட வேண்டும்? 2025 ஏப்ரல் 30 அன்று மத்திய அரசு, அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் கணக்கிடத் தீர்மானித்தது. 1931க்குப்பின் அனைத்துச் சாதிகளையும் எண்ணும் முதற் கணக்கு அதுவாக அமையும். கணக்கெடுப்பவர் வாயிலில் வந்து கேட்கும்போது ஒருவரும் பெயரை விழுங்கற்க. எண்ணப்படாதவர்க்குப் பங்கில்லை.

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக மாலை வகுப்பு நடத்துகிறது. அவ் வகுப்பில் பயின்ற பிள்ளைகள் பட்டம் பெற்று, தம் தம்பி தங்கையரின் படிவங்களைத் தாமே நிரப்பித் தருகின்றனர். படிவத்தை நிரப்பத் தெரிவது கல்வி. தலை நிமிர்ந்து நிரப்புவது விடுதலை. அச் சொல் தேவைப்படாத ஒரு நாள் வரவேண்டும் என்பதே நம் அனைவர் விருப்பமும். அதுவரை அதைத் துணிந்து எழுதுவோம். இலக்கணம் அறிந்து எழுதுவோம்.

வாழ்க நம் கல்விச் சங்கம்! வளர்க அதன் பணி!